நாற்காலிக்கு நம்பர் ஒட்டப் போய் நான்கு டேபிளை இடித்த கதை

ஆடி மாதம் எங்கள் மாமா கடையில் வேலை இருக்காது. கல்யாண வாடகைத் தொழில். மணவறை, குத்துவிளக்கு, வட்ட மேசை, நாற்காலி, அண்டா, ஸ்பீக்கர், மைக் என்று எல்லாம் வாடகைக்கு விடுகிறார். கடை சிங்கப்பூரில் தேக்கா பக்கம், கிடங்கு காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் நான்காவது மாடி. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கூழ் ஊற்ற அண்டா கேட்டுக் கோயில்காரர்கள் வருவார்கள், அதோடு சரி. அதனால் அவருடைய மென்பொருளில் இடித்துக் கட்டும் வேலை எதுவானாலும் ஆடியில்தான் என்பது எங்களுக்குள் ஒரு வாய்மொழி ஒப்பந்தம். ஆவணி பிறந்துவிட்டால் தொட விடமாட்டார்.

இந்த ஆடியில் நான் ஒன்றும் செய்வதாக இல்லை. அவர்தான் போன் போட்டார்.

"மாப்ள, அந்தத் தங்கக் கலர் நாற்காலி அறுபது இருக்குல்ல, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் ஒட்டணும்டா. போன தடவ ஈசூன்ல ஒரு அடுக்குமாடி புளோக் கீழ போட்டது, நாலு நாற்காலி காலு ஆடிப்போய் வந்துச்சு. எப்ப ஆச்சு, எந்தப் பார்ட்டின்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியல."

"பத்து நிமிஷ வேலை மாமா, ராத்திரி முடிச்சுடறேன்" என்றேன். அன்று இரவு மென்பொருளின் கோடைத் (நிரலைத்) திறந்து பார்த்ததும்தான் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டது புரிந்தது.

அந்த மென்பொருளை நான் எழுதியது 2020-ல், சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா ஊரடங்குக் காலத்தில். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை ஊரே வீட்டுக்குள் இருந்தது, கல்யாணங்கள் நின்றுபோய் மாமா கையைப் பிசைந்துகொண்டிருந்தார், எனக்கும் பொழுது போகவில்லை. இணையச் செயலி கட்ட ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க், தரவை வைக்கப் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ், ஒரு மாத வேலை. அப்போது எனக்குக் கிளாஸ் மரம் வரைவதில் ஒரு மோகம். கிளாஸ் என்பது ஒரு வகைப் பொருளுக்கான அச்சு, பிள்ளைக் கிளாஸ் தாயின் குணங்களை அப்படியே வாங்கிக்கொள்ளும், அதுதான் இன்ஹெரிட்டன்ஸ். மேலே 'பொருள்' என்று ஒரு தாய்க் கிளாஸ், பெயர், வாடகை, படம், கிடங்கில் எந்த அலமாரி என்பதெல்லாம் அதில். அதன்கீழ் நான்கு பிள்ளைகள். நாற்காலி, தட்டு மாதிரி எண்ணி விடுவது 'எண்ணுபொருள்'. ஸ்பீக்கர், மிக்சர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் சீரியல் நம்பரும் வாரண்டியும் இருப்பது 'தனிப்பொருள்'. மணவறை மாதிரி பல பாகங்கள் சேர்ந்தது 'செட்'. வாழையிலை, காகிதக் கோப்பை மாதிரி போனால் திரும்பாதது 'தீர்பொருள்'. பார்க்க அழகாகத்தான் இருந்தது, படம் போட்டு வீட்டுச் சுவரில்கூட ஒட்டியிருந்தேன்.

ஜாங்கோவில் ஒரு மாடலிலிருந்து (டேட்டாபேஸில் சேமிக்கும் கிளாஸ்) நான்கு மாடலைச் சும்மா பிறப்பித்தால், அது கேட்காமலேயே ஐந்து டேபிள் போடும். தாய்க்கு ஒன்று, பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒன்று. பிள்ளை டேபிளில் தனியாக எண் கிடையாது. தாயின் எண்ணையே சுட்டும் ஒரு ஃபாரின் கீதான் (வேறொரு டேபிளின் பதிவைச் சுட்டும் எண்) அதற்குப் பிரைமரி கீயும் (பதிவை அடையாளம் காட்டும் எண்). ஸ்பீக்கர் ஒன்றைச் சேமித்தால் இரண்டு டேபிளில் எழுதும், எடுத்தால் ஜாயின் போட்டு, அதாவது இரண்டையும் இணைத்து எடுக்கும். இதற்குத்தான் கிளாஸ் டேபிள் இன்ஹெரிட்டன்ஸ் என்று பெயர் என்பதும், வேறு வழிகள் இருந்தன என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அதாவது, நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கிளாஸ் எழுதினேன், டேபிள் தானாக வாய்த்தது.

இப்போது நாற்காலி 'எண்ணுபொருள்' பிள்ளை. நம்பர் ஒட்ட வேண்டுமானால் அது 'தனிப்பொருள்' ஆக வேண்டும். ஒரு பொருள் ஒரு கிளாஸிலிருந்து அடுத்த கிளாஸுக்குக் குடி பெயர வேண்டும்.

முதலில் குறுக்கு வழியில் முயன்றேன். அதைச் சொல்லிவிடுகிறேன், யாராவது இதே குழியில் விழப் போகிறார்கள். சோதனைக்கு வைத்திருக்கும் நகல் டேட்டாபேஸில், 'தனிப்பொருள்' ஒன்றை உருவாக்கி, அதன் தாய்ச் சுட்டியாக ஏற்கெனவே இருக்கும் நாற்காலியைக் கொடுத்து, சேமித்தேன். சேமித்தது. திரும்பிப் பார்த்தால் நாற்காலிக்குப் பெயரும் இல்லை, அலமாரி எண்ணும் இல்லை. காரணம் இதுதான்: பிள்ளையைச் சேமிக்கும்போது ஜாங்கோ தாயின் ஃபீல்டுகளையும் சேர்த்தே எழுதும், நான் புதிதாக உருவாக்கிய பொருளில் அவை வெறுமையாக இருந்தன, அந்த வெறுமையைக் கொண்டுபோய்த் தாய் டேபிளில் எழுதிவிட்டது. தாயின் மதிப்புகளை முதலில் பிள்ளைக்குள் நகலெடுத்துவிட்டுச் சேமிக்கலாம், அல்லது பிள்ளை டேபிளை மட்டும் எழுதும் ஒரு பின்வாசல் உண்டு. இரண்டையும் தேடிப் படித்தேன். ஆனால் ஒரு நாற்காலிக்கு ஸ்டிக்கர் ஒட்டப் பின்வாசல் வழியாகப் போக வேண்டுமா என்று தோன்றியபோதே, டிசைனில் கோளாறு என்று புரிந்துவிட்டது.

அடுத்த நாள் சனிக்கிழமை. கிடங்குக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் ஒரு தே ஓ (பால் இல்லாத டீ) வாங்கிக்கொண்டு, மாமாவின் பழைய டெலிவரி ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் இன்ஹெரிட்டன்ஸை டேபிளாக்கும் மூன்று வழிகளையும் எழுதினேன். இந்த மூன்றுக்கும் இன்று புழங்கும் பெயர்களைப் பரப்பியது மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் 2002-ல் எழுதிய புத்தகம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே டேபிளில், வகை என்று ஒரு ஃபீல்டு வைத்துப் பிரிப்பது ஒன்று. தாய்க்கும் பிள்ளைக்கும் தனித்தனி டேபிள் வைத்து ஜாயின் போடுவது இரண்டு, என்னுடையது இதுதான். தாய்க்கு டேபிளே இல்லாமல் ஒவ்வொரு பிள்ளை டேபிளிலும் தாயின் ஃபீல்டுகளையும் சேர்த்தே வைத்துக்கொள்வது மூன்று. ஜாங்கோவில் தாயை அப்ஸ்ட்ராக்ட் என்று குறித்தால் கிடைப்பது இது.

ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்கும் நம்மை ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஜாவா மொழியில் ஜேபிஏ என்ற டேட்டாபேஸ் முறையில் எழுதுபவர்களுக்கு, ஒன்றும் குறிப்பிடாவிட்டால் ஒற்றை டேபிள். ரூபி மொழியின் ரெயில்ஸிலும் ஒற்றை டேபிள்தான், 'டைப்' என்று ஒரு ஃபீல்டு வைத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். மைக்ரோசாப்ட் டாட்நெட்டின் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் வெகு நாளைக்கு ஒற்றை டேபிள் மட்டும்தான் இருந்தது. 2020-ல் வந்த 5ஆம் பதிப்பில் ஜாயின் முறையும், 2022-ல் வந்த 7ஆம் பதிப்பில் மூன்றாவது முறையும் சேர்ந்தன. இவற்றில் ஜாங்கோ மட்டும் ஜாயின் பக்கம் தள்ளுகிறது. நான் ரெயில்ஸ் கற்றிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி இருந்திருக்கும், அதில் வேறு ஏதாவது உடைந்திருக்கும்.

மூன்றாவது வழியை அடித்துவிட அரை நிமிடம்தான் ஆனது. பில்லில் ஒவ்வொரு வரியும் ஒரு பொருளைச் சுட்ட வேண்டும். தாய் டேபிள் இல்லையென்றால் பில் வரி எதைச் சுட்டும்? நாற்காலி டேபிளில் 17 இருக்கிறது, ஸ்பீக்கர் டேபிளிலும் 17 இருக்கிறது. எந்த டேபிள், எந்த எண் என்று இரண்டு ஃபீல்டு வைத்துச் சுட்டலாம், ஜாங்கோவில் அதற்கு ஜெனரிக் ஃபாரின் கீ என்று பெயர்கூட இருக்கிறது, ஆனால் அது பெயரளவில்தான் ஃபாரின் கீ, டேட்டாபேஸ் அதைக் காவல் காக்காது. இல்லாத பொருளுக்கு பில் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். ஜாவாக்காரர்களுக்கு இதே இடத்தில் வேறு ஒரு முள்: ஹைபர்நேட் என்ற கருவியில் இந்த முறைக்கு டேபிள் தானாகக் கொடுக்கும் எண்களைப் பயன்படுத்த முடியாது, எல்லா டேபிளுக்கும் பொதுவான எண் வரிசை (சீக்வென்ஸ்) மாதிரி ஏதாவது வேண்டும்.

போஸ்ட்கிரெஸிலேயே டேபிள் இன்ஹெரிட்டன்ஸ் என்று ஒன்று உண்டே, அதைப் பிடித்தால் என்ன என்று ஒரு சபலம் வந்தது. தாய் டேபிளைக் கேட்டால் பிள்ளைகளின் பதிவுகளும் சேர்ந்து வரும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யூனிக் (ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக் கூடாது என்ற விதி), ஃபாரின் கீ இரண்டும் அந்தந்த டேபிளோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்கு இறங்காது. பில் வரி தாயைச் சுட்டினால், பிள்ளை டேபிளில் இருக்கும் நாற்காலி அதன் கண்ணுக்கே தெரியாது. சபலத்தையும் ரசீதில் அடித்தேன்.

மிச்சம் இரண்டு. ஒற்றை டேபிளா, இருக்கிற ஜாயினா.

இங்கே ஓர் ஒப்புதல் வாக்குமூலம். இரண்டு வருடமாகப் பொருள் பட்டியல் பக்கம் ஆமை வேகத்தில் திறந்துகொண்டிருந்தது, மாமா கேட்கும்போதெல்லாம் "ஜாயின் அதிகம் மாமா, அதான்" என்று அவருக்குப் புரியாத ஒரு சொல்லைச் சொல்லித் தப்பித்துவந்தேன். அன்றைக்குத்தான், டேட்டாபேஸுக்குப் போகும் குவெரிகளை (கேள்விகளை) எண்ணிக் காட்டும் டீபக் டூல்பாரைப் போட்டு எண்ணிப் பார்த்தேன். 330 பொருளைக் காட்ட 340-க்கு மேல் குவெரி. தாய்ப் பட்டியலை ஒரே குவெரியில் எடுத்துவிட்டு, பக்கத்தை வரையும் டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு பொருளாக "நீ ஸ்பீக்கரா, உன் சீரியல் நம்பர் என்ன" என்று தனித்தனியாகக் கதவைத் தட்டியிருக்கிறேன். நான்கு பிள்ளைகளையும் ஒரே ஜாயினில் சேர்த்து எடுக்கச் சொல்லி ஒரு வரி மாற்றியதும் பக்கம் கண் சிமிட்டும் நேரத்தில் வந்துவிட்டது. 330 பதிவுக்கும் 21,000 பில் வரிக்கும் ஐந்து டேபிள் ஜாயின் என்பது போஸ்ட்கிரெஸுக்குத் தூசு. மாமாவிடம் சொல்லவில்லை. 'வேகமாக்கிவிட்டேன்' என்று மட்டும் சொன்னேன், ஒரு மட்டன் பிரியாணி கிடைத்தது.

ஆக, வேகத்துக்காக ஒற்றை டேபிளுக்குப் போக வேண்டியதில்லை. பிறகு எதை வைத்து முடிவு செய்வது? ரசீதின் மீதி இடத்தில், கடையில் தினமும் யார் என்ன கேட்கிறார்கள் என்று எழுதினேன். கிளாஸ் மரத்தை மறந்துவிட்டு, கேள்விகளை மட்டும்.

ஆவணி முகூர்த்தத்தன்று எது எது மிச்சம் இருக்கும்? எல்லா வகையும் கலந்த கேள்வி. இந்த பில்லுக்கு லாரியில் என்ன ஏற்ற வேண்டும்? எல்லா வகையும். திரும்பி வந்ததில் என்ன குறைகிறது? தீர்பொருள் தவிர எல்லாம். இந்த மாதம் எந்தப் பொருள் அதிகம் சம்பாதித்தது? எல்லாம். எதை மறுபடி வாங்க வேண்டும்? தீர்பொருள் மட்டும். எந்த ஸ்பீக்கருக்கு வாரண்டி முடிகிறது? தனிப்பொருள் மட்டும், அதுவும் வருடத்துக்கு இரண்டு தடவை கேட்டால் அதிகம்.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் எதிரே உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன், "அண்ணே, நீங்க லாரியில ஏத்தும்போது இது தனிப்பொருள், இது எண்ணுபொருள்னு பிரிச்சா பார்ப்பீங்க?"

"அது என்ன தம்பி? கனமானது முதல்ல, கண்ணாடி கடைசியில."

சரி. பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஃபீல்டுகளையும் எண்ணினேன். எண்ணுபொருளுக்கு இரண்டு, தீர்பொருளுக்கு இரண்டு, தனிப்பொருளுக்கு ஐந்து, செட்டுக்கு ஒன்றும் இல்லை, அது வேறு பொருள்களைச் சுட்டும் ஒரு பட்டியல் அவ்வளவுதான். மொத்தம் ஒன்பது. ஒற்றை டேபிளில் போட்டால், தனிப்பொருள் தவிர மற்ற பதிவுகளில் இந்த ஒன்பதில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். அது பார்க்கத்தான் அசிங்கம், செலவு ஒன்றும் இல்லை: காலி மதிப்பைப் போஸ்ட்கிரெஸ் எழுதிவைப்பதே இல்லை, பதிவின் தலைப்பில் ஒரு ஃபீல்டுக்கு ஒரு பிட் என்று குறித்துவைத்துக்கொள்கிறது. ஒன்பது ஃபீல்டு காலியாக இருந்தால் ஒன்பது பிட். இடத்தைப் பற்றிய கவலை போயிற்று.

அப்படியே ஒற்றை டேபிள் என்று முடிவு செய்து எழுந்திருப்பேன். நாற்காலிதான் மறுபடி குறுக்கே வந்தது.

ஒற்றை டேபிளில் நாற்காலியின் வகையை 'எண்ணு' என்பதிலிருந்து 'தனி' என்று மாற்றுவது ஒரே ஒரு அப்டேட். குடி பெயர்ப்பது சுலபம். ஆனால் மாற்றிய பிறகு? அறுபது நாற்காலிக்கு அறுபது பதிவு போட வேண்டும், ஏனென்றால் என் டிசைனில் ஒரு தனிப்பொருள் என்றால் ஒரு பதிவு. பட்டியலில் "தங்க நாற்காலி" என்று அறுபது வரி. பில்லிலும் அறுபது வரி. மாமா வாடிக்கையாளரிடம் அறுபது வரி பில்லை நீட்டினால் அவர் அதை வைத்தே விசிறிக்கொள்வார்.

ஸ்பீக்கருக்கும் இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது, எட்டே எட்டு என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. பில்லில் "12 அங்குல ஸ்பீக்கர் அ, ஆ, இ, ஈ" என்று பெயர் வைத்து ஓட்டியிருக்கிறோம்! நான்கு வருடம்!

அப்போதுதான் மண்டையில் ஏறியது. 'தனிப்பொருள்' ஒரு வகையே இல்லை. வாடகைக்கு விடும் பொருள் என்பது "12 அங்குல ஸ்பீக்கர்". அதில் எட்டு உருப்படிகள் கிடங்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீரியல் நம்பர். தங்க நாற்காலியும் ஒரு பொருள், அதில் அறுபது உருப்படிகள். சாதா பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு பொருள், அதற்கு உருப்படிப் பதிவு வைக்க நமக்கு அக்கறை இல்லை, எண்ணிக்கை போதும். அது என்ன பொருள் என்பது ஒன்று, அதை நாம் எப்படிக் கணக்கு வைக்கிறோம் என்பது வேறொன்று. முதலாவது மாறாது. இரண்டாவது மாமா மனது வைத்தால் நாளைக்கே மாறும். மாறக்கூடிய ஒன்றைப் பிறப்பிலேயே எழுதிவைத்தது மாதிரி கிளாஸாக்கி வைத்திருந்தேன்.

இது புரிந்ததும் மரத்தின் கிளைகள் தாமாக விழுந்தன. தனிப்பொருள் போய், 'உருப்படி' என்று சாதாரண டேபிள், ஒரு பொருளுக்குப் பல உருப்படிகள். செட் போய், எந்தப் பொருளில் எந்தப் பொருள் எத்தனை அடக்கம் என்று ஓர் இணைப்பு டேபிள். மணவறைக்குள் நான்கு தூண், ஒரு விதானம், இரண்டு சிம்மாசனம். எண்ணுபொருளும் தீர்பொருளும் மட்டும் மிஞ்சின, அவை ஒரே டேபிளில் 'வகை' ஃபீல்டோடு. எந்த முறையில் இன்ஹெரிட்டன்ஸை டேபிளாக்குவது என்று உட்கார்ந்தவன், நான்கில் இரண்டு இன்ஹெரிட்டன்ஸே இல்லை என்று எழுந்தேன்.

ஒரு கிளைக் கதை. அதே கோடில் பொருள் சேவை வரியை 7 சதவீதம் என்று தாய்க் கிளாஸுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தேன், தீர்பொருள் கிளாஸில் அதையே இன்னொரு தடவை. 2023 ஜனவரியில் 8 ஆனபோது ஓர் இடத்தில் மாற்றி இன்னோர் இடத்தை மறந்து, இரண்டு வாரம் வாழையிலைக்கு மட்டும் பழைய வரி போட்டோம். 2024-ல் 9 ஆவதற்குள் அதைத் தனி டேபிளுக்கு மாற்றி, பில் போடும் நாளின் விகிதம் பில் வரியிலேயே பதியும்படி செய்துவிட்டேன். கிளாஸுக்குள் எழுதினால் பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் நம்பியிருக்கிறேன்.

இனி மாற்றும் வேலை. ஞாயிறு காலை மொத்த டேட்டாபேஸையும் டம்ப் (காப்பு நகல்) எடுத்து, நகலில் ஒத்திகை. பிள்ளையின் ஃபீல்டுகளைத் தாய்க்கு நகர்த்தும் முதல் மைக்ரேஷனே (டேபிள் அமைப்பை மாற்றும் நிரல்) முரண்டு பிடித்தது. பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் பெயரில் தாயிடமும் ஒரு ஃபீல்டு சேர்க்க ஜாங்கோ விடாது. பிள்ளையிடம் முதலில் அழித்தால் டேட்டா போய்விடும். அதனால் தாயிடம் தற்காலிகப் பெயரில் ஃபீல்டு சேர்த்து, டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லில் ஒரே அப்டேட்டாக நகலெடுத்து, பிள்ளை டேபிளை எடுத்த பிறகு பெயரைச் சரி செய்தேன். பிள்ளையின் பிரைமரி கீ தாயின் எண்தான் என்பது இங்கே கைகொடுத்தது: பிள்ளை டேபிளைச் சுட்டிக்கொண்டிருந்த இரண்டு மூன்று டேபிள்களில் ஓர் எண்ணைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை, ஃபாரின் கீ எந்த டேபிளைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் திருப்பினால் போதும்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். நகலில் செய்தேன் என்பதால் இன்றைக்கும் மாமா வீட்டில் சாப்பிட முடிகிறது. டேபிளை எடுக்கும் முன் உள்ளே இருப்பதைத் துடைத்துவிடலாமே என்று, தனிப்பொருள் பதிவுகளை ஜாங்கோ வழியாகவே டிலீட் செய்தேன். ஜாங்கோவுக்குப் பிள்ளையை அழிப்பது என்றால் தாயையும் சேர்த்து அழிப்பது. தாய்ப் பதிவுகள் போயின. பில் வரியிலிருந்து பொருளைச் சுட்டும் ஃபாரின் கீயை 2020-ல் யோசிக்காமல் கேஸ்கேட் (சுட்டப்படுவது அழிந்தால் சுட்டுவதும் அழியும்) என்று வைத்திருந்தேன், ஆகவே அந்தப் பொருள்கள் இருந்த பில் வரிகளும் போயின. ஐந்து விநாடியில் நான்கு வருட ஸ்பீக்கர் வாடகைக் கணக்கு சுத்தம். தாயை விட்டுவைக்கச் சொல்லும் ஒரு தெரிவு டிலீட்டிலேயே உண்டு, ஆனால் எனக்கு வேண்டியது டிலீட்டே இல்லை, டேபிளை எடுப்பது மட்டும்தான். மாடலை நீக்கும் மைக்ரேஷன் பிள்ளை டேபிளை மட்டும் தூக்கும், தாயைத் தொடாது. டம்பிலிருந்து மீட்டு, முதல் வேலையாக அந்த கேஸ்கேட்டை புரொடெக்ட் ஆக்கினேன். பில் இருக்கும் பொருளை இனி யாரும் அழிக்க முடியாது, நான் உட்பட.

கஷ்டமான பகுதி பழைய பில்கள். ஸ்பீக்கர் அ முதல் எட்டு பொருள்களை ஒரே பொருளாகச் சேர்த்து, எட்டு உருப்படிகளை அதன்கீழ் போட வேண்டும், பழைய பில் வரிகள் எந்த ஸ்பீக்கர் போனது என்பதையும் மறக்கக் கூடாது. அதற்கு 'ஒதுக்கீடு' என்று ஒரு டேபிள், பில் வரி ஒரு பக்கம், உருப்படி மறுபக்கம். பழைய பில்லில் வரிக்கு ஓர் ஒதுக்கீடு. புதிய பில்லில் "ஸ்பீக்கர், 4" என்று ஒரே வரி, அதன்கீழ் நான்கு ஒதுக்கீடு. பழையதும் புதியதும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. இதற்கு மட்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது, சரிபார்க்க இரண்டு இரவு. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மாதத்தின் வாடகைத் தொகையையும் கூட்டி ஒப்பிட்டுக்கொண்டே போனேன், ஒரு வெள்ளி வித்தியாசம் வந்தாலும் நிறுத்து என்று.

ஒற்றை டேபிளின் உண்மையான பலவீனத்தையும் சொல்ல வேண்டும். தீர்பொருளுக்கு 'மறுபடி வாங்கும் அளவு' கட்டாயம் வேண்டும். தனி டேபிளாக இருந்தபோது அந்த ஃபீல்டைக் காலியாக விட முடியாது என்று வைத்திருந்தேன். இப்போது எண்ணுபொருளும் அதே டேபிளில் இருப்பதால் காலியை அனுமதித்தே ஆக வேண்டும். அதற்கு மாற்றாகத்தான் செக் விதி, ஒவ்வொரு பதிவையும் எழுதும்போது டேட்டாபேஸே சோதிக்கும் நிபந்தனை. நான் எழுதியது: வகை தீர்பொருள் அல்ல, அல்லது மறுபடி வாங்கும் அளவு பூஜ்யத்தைவிடப் பெரியது. சரியாகத்தானே இருக்கிறது? போஸ்ட்கிரெஸும் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டது. பிறகு சும்மா ஒரு சந்தேகத்தில், அளவே கொடுக்காமல் ஒரு தீர்பொருளைச் சேர்த்துப் பார்த்தேன். உள்ளே விட்டுவிட்டது.

காலியான ஒன்றைப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் விடை 'இல்லை' என்று வராது, 'தெரியாது' என்று வரும். 'இல்லை அல்லது தெரியாது' என்பதும் 'தெரியாது'தான். செக் விதி 'இல்லை' என்ற விடையை மட்டுமே தடுக்கும், 'தெரியாது' என்றால் போகட்டும் என்று விட்டுவிடும். காலியாக இருக்கக் கூடாது என்பதை விதிக்குள்ளேயே தனியாகச் சொன்ன பிறகுதான் பிடித்தது. வகை ஃபீல்டும் காலியாக இருக்கக் கூடாது என்று பூட்டினேன், இல்லையென்றால் விதி முழுக்கவே 'தெரியாது' ஆகிவிடும். ஒற்றை டேபிளுக்கு யார் போனாலும் இந்த விதிகளை எழுதிவிட்டு, தப்பான பதிவுகளைத் திணித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். ஜாயின் முறையில் இந்த வேலை இலவசமாக வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதனால்தான் ஓர் இடத்தில் தனி டேபிளையே வைத்தேன். மின்சாதனங்கள். மண்டபக்காரர்கள் சிலர் எத்தனை வாட் இழுக்கும் என்று முன்கூட்டியே பட்டியல் கேட்பார்கள். இங்கே சாதாரண பிளக் 13 ஆம்பியர், 230 வோல்ட், ஆக ஒரு சாக்கெட்டில் 3,000 வாட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் தாங்கும். விளக்குச் சரத்தையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகினால் தாலி கட்டும் நேரத்தில் இருட்டு. வாட், பிளக், கேபிள் நீளம், கடைசியாகச் சோதித்த தேதி என்று ஏழு ஃபீல்டு, எல்லாமே கட்டாயம், நாற்பது பொருளுக்கு மட்டும், பட்டியல் பக்கத்தில் யாருக்கும் தேவையில்லை. இதை ஒற்றை டேபிளில் திணித்தால் ஏழு செக் விதி. தனி டேபிளில் ஒன்றுக்கொன்று என்று சுட்டி வைத்தால் ஒன்றும் வேண்டாம். ஆனால் இன்ஹெரிட்டன்ஸாக வைக்கவில்லை. பொருள் பொருளாகவே இருக்கும், பக்கத்தில் ஒரு மின் விவரச் சீட்டு, வேண்டாதபோது கிழித்துவிடலாம், பொருள் கூடவே போகாது.

கிளாஸ் மோகம் முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. தீர்பொருளுக்கும் எண்ணுபொருளுக்கும் பிராக்ஸி மாடல் வைத்திருக்கிறேன். டேபிள் ஒன்றுதான், கோடில் மட்டும் இரண்டு கிளாஸ், ஜாங்கோவின் நிர்வாகப் பக்கமான அட்மினில் இரண்டு திரை. வகையைப் பார்த்துத் தானாக வடிகட்டும் வேலையை ஜாங்கோ செய்யாது, பதிவுகளை எடுத்துத் தரும் மேனேஜரில் நானே எழுத வேண்டியிருந்தது, நான்கு வரி. இன்னொரு எதிர்பாராத லாபம்: எக்செல்லிலிருந்து மொத்தமாகப் பொருள் ஏற்றுவது. ஜாங்கோவின் பல்க் கிரியேட் பிள்ளை மாடலுக்கு வேலை செய்யாது என்பதால் இத்தனை நாள் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தத் தடை இல்லை.

நிஜ டேட்டாபேஸில் மாற்றியது ஒரு செவ்வாய் இரவு, ஒத்திகை இரண்டு தடவை முடித்த பிறகு. மைக்ரேஷன் ஓடியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. டேபிளை அதிக நேரம் பூட்டாமல் விதிகளைச் சேர்க்கும் வித்தை எல்லாம் படித்துவைத்திருந்தேன், கடை பூட்டியிருக்கும் ஊரில் அது எதற்கு.

புதன்கிழமை கிடங்கில் ஸ்டிக்கர் ஒட்டும் படலம். அண்ணன் ஒட்ட, மாமா போனில் ஸ்கேன் செய்ய, நான் பக்கத்தில் நின்றேன். முப்பத்தாறு வரை சரசரவென்று போயிற்று. அப்புறம் முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அடுத்த நாற்காலியை ஸ்கேன் செய்தால் சிவப்புக் கோடு. இன்னொன்று, அதுவும் சிவப்பு.

"பாத்தியாடா, நாப்பது நாற்காலியோட உன் சிஸ்டம் நின்னுபோச்சு. அதுக்கு மேல ஏத்துக்க மாட்டேங்குது."

நெஞ்சு ஒரு தடவை நின்றுதான் ஓடியது. ஸ்டிக்கரை உற்றுப் பார்த்தேன். முப்பத்தேழு. அடுத்தது முப்பத்தெட்டு. காலையில் பிரிண்டர் நாற்பதில் சிக்கி நின்றபோது, அண்ணன் ரோலைத் திருப்பிப் போட்டு மறுபடி அடித்திருக்கிறார், நான்கு எண்கள் இரண்டு தடவை வந்துவிட்டன. உருப்படி டேபிளில் நம்பரை யூனிக் என்று வைத்தது அதைப் பிடித்திருக்கிறது. நான்கு ஸ்டிக்கரையும் கிழித்துவிட்டு மேலே ஓட்டினோம்.

அறுபதையும் முடித்துவிட்டு மாமா நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தார். மேல்தட்டில் பித்தளைக் குத்துவிளக்குகள் வரிசையாக நின்றன.

"இதுக்கும் ஒட்டிருவோமாடா? ரெண்டு விளக்குல மேல் அன்னம் மாறி வந்திருக்கு."

"ஒட்டுங்க மாமா" என்றேன், லேப்டாப்பைத் திறக்காமலேயே.